மூன்றாம் பேஸில் நின்றவன்

மன்னாரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனிதனுக்கு பேஸ்போல் முதலில் ஒரு கேலிக்கூத்தாகத்தான் தெரியும். ஞானரட்ணத்துக்கும் அப்படித்தான் தெரிந்தது. பந்தை அடித்ததும் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். நேராக ஓடாமல், பேஸ் என்கிற வெள்ளைத் திண்டுகளை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். பந்து பின்பக்கம் பறந்தால் அது அடியே இல்லை என்கிறார்கள். "இதென்னடா, அரைவேக்காட்டுச் சோறு மாதிரி ஒரு விளையாட்டு" என்று அவர் சிரித்தார். ஆனால் மகன் றொனிஷன் அந்த அரைவேக்காட்டில்தான் போய் விழுந்தான். அவர்கள் குடியேறியிருந்த டென்மார்க்கின் சில்க்போர்க்கில் பிள்ளைகள் எல்லாம் காற்பந்துக்கு அடிபட்டுக்கொண்டு நிற்க, இவன் மட்டும் பள்ளிக்கூடத்துப் பின்வளவில் இருந்த, ஊருக்கே தெரியாத ஒரு சின்னக் கழகத்தைத் தேடிப்பிடித்துச் சேர்ந்தான்.

அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோரும் ஒரு வேலையைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் கேக் சுடுவார், ஒருவர் சட்டைகளைத் தோய்ப்பார், ஒருவர் கார் ஓட்டுவார். நடுவர் வேலைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அடுத்தவனைப் பார்த்து "நீ அவுட்" என்று முகத்துக்கு நேரே சொல்வதென்றால் டெனிஷ்காரர் ஓடி ஒளிந்துவிடுவார்கள். பயிற்சியாளர் ஹென்றிக் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஞானரட்ணத்திடம் வந்தார். "உனக்குக் கிரிக்கெட் தெரியும்தானே? இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்றார். வாழைக்காயும் உருளைக்கிழங்கும் ஒன்று என்று சொல்கிற மாதிரித்தான் அது. ஆனாலும் ஞானரட்ணத்துக்கு மறுக்கத் தெரியவில்லை.

பொறுப்பெடுத்தால் ஒழுங்காகச் செய்கிற ஆள் அவர். ஜன்னல் செய்யும் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸில் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். பந்து எறிவதும் அடிப்பதும் அவருக்குச் சுலபமாகப் பிடிபட்டன. பிள்ளைகள் ஓடத் தொடங்கினால்தான் தலையிடி. டென்மார்க் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் றுண்ட்போல் என்று ஒன்று விளையாடுவார்கள். அதில் ஒரு பேஸில் எத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். அந்தப் பழக்கத்தோடு வந்து இங்கேயும் இரண்டாம் பேஸில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதிரணிப் பிள்ளை பந்தை வைத்துக்கொண்டு யாரைத் தொடுவதென்று தெரியாமல் அழுவாரைப்போல் பார்க்கும். கடைசியில் எல்லோரும் திரும்பி நடுவரைப் பார்ப்பார்கள். முன்னால் வந்தவனுக்குத்தான் பேஸ் சொந்தம், பின்னால் வந்தவனைத் தொட்டால் அவன் அவுட். அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவன் முன்னால் ஓடுகிறவனை முந்திக்கொண்டு போய்விடுவான். அதுவும் அவுட். முந்தினவனுக்குத் தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு. அவனுக்கு விளக்கம் சொல்லி ஆற்றுவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும்.

கிரிக்கெட்டிலிருந்து அவர் கொண்டுவந்த இரண்டு பழக்கங்களை ஹென்றிக் மெல்ல மெல்ல உதறச் செய்தார். ஒன்று, யாராவது கேட்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. மற்றது, சந்தேகம் என்றால் மட்டை பிடித்தவன் பக்கம் சாய்வது. "இங்கே சந்தேகம் என்று ஒன்று இல்லை. என்ன பார்த்தாயோ அதைச் சொல், உடனே சொல்" என்றார். ஞானரட்ணம் சொல்லப் பழகினார். சொந்த மகனையே ஒருநாள் அவுட் கொடுத்தார். அன்றைக்கு றொனிஷன் கார் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "நீ என்ர மகன் எண்டு பந்துக்குத் தெரியாது" என்றார் இவர். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அவன் டெனிஷில் சொன்னான், "நீங்கள் சொன்னது சரிதான், ஃபா." டெனிஷில் அப்பாவுக்கு ஃபா என்பார்கள். அந்தச் "சரிதான்" என்ற ஒரு வார்த்தைக்காக அவர் அன்றிரவு முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

இதையெல்லாம் அவருடைய மனைவி கத்தரீனா ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள், சனிக்கிழமை அவளுடைய முறை. ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமைகளில்தான் நடக்கும். "அம்மா, ஒருக்கா வாங்கோவன்" என்று அவன் தமிழில் கெஞ்சுவான். காரியம் ஆக வேண்டும் என்றால்தான் அவனுக்குத் தமிழ் வரும். அவளும் "வாற கிழமை வாறன் ராசா" என்பாள். வாற கிழமைக்கு ஒரு வயோதிபருக்குக் காய்ச்சல் வரும், அல்லது இன்னொரு பணியாளுக்குப் பிள்ளை பிறக்கும்.

பிறகு றொனிஷனுக்கே காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். இரத்தத்தில் வந்த வருத்தம் அது. ஓர்ஹுஸ் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு கோடை போனது. செப்டெம்பரில் பருவத்தின் கடைசிப் போட்டிக்கு, கொஞ்ச நேரம் மட்டும் விளையாடலாம் என்று வைத்தியர் அனுமதி தந்தார். தலைமயிர் எல்லாம் கொட்டி, ஹெல்மெட் காதுவரை இறங்கி, கோழிக்குஞ்சு மாதிரி நின்றான் பிள்ளை. எப்படியோ அடித்தான், எப்படியோ ஒவ்வொரு பேஸாக நகர்ந்து மூன்றாம் பேஸுக்கு வந்துவிட்டான். இன்னும் ஒரு ஓட்டம் ஓடி, ஹோம் என்று சொல்லும் அந்த ஐந்து மூலை வெள்ளைத் தட்டை மிதித்தால் அவன் பெயரில் ஒரு புள்ளி. ஆனால் அடுத்து மட்டை பிடித்தவன் அவுட்டாகி ஆட்டம் முடிந்துபோனது. எல்லோரும் கைகுலுக்கப் போக, றொனிஷன் மட்டும் பேஸை விட்டு இறங்காமல் நின்றான். ஞானரட்ணம்தான் போய்த் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார். காரில் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அடுத்தமுறை, ஃபா."

அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. நவம்பரில் ஒரு காலையில் வைத்தியர் ஞானரட்ணத்தைத் தனியாகக் கூப்பிட்டு, நிறுத்தி நிறுத்தி, எளிய டெனிஷில் சொன்னார். கத்தரீனா கீழே சிற்றாலயத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் படியேறி வந்து, "என்னவாம்? என்ன சொன்னவை?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை, பிறகு சொல்லுவினமாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். பிறகு ஒரு இளம் தாதிதான் அவளுடைய கையைப் பிடித்து, பிள்ளை போய்விட்டதைச் சொன்னாள். அதற்குப் பிறகும் அந்த மனிதர் அந்தச் சொல்லைத் தன் வாயால் மனைவியிடம் சொல்லவில்லை. பெட்டி தெரிவு செய்தபோதும் சொல்லவில்லை, பூசைக்கு நாள் குறித்தபோதும் சொல்லவில்லை. "பிள்ளையின்ர அறை", "பிள்ளையின்ர சப்பாத்து" என்று, அவன் பள்ளிக்கூடம் போயிருக்கிற மாதிரியே கதைப்பார். அவளும் எதிர்த்துக் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் உரசிவிடாமல் நடந்து பழகிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அமைதியான வீடு. உள்ளே இருந்தவர்களுக்கு அது நரகம்.

அடுத்த வருடம் முழுக்க ஞானரட்ணம் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. செப்டெம்பர் கடைசியில் ஹென்றிக் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த வருடம் நடுவராக நின்றவர் கை முறிந்து கிடக்கிறாராம், சனிக்கிழமை ஹொல்ஸ்டெப்ரோ அணி வருகிறதாம், வேறு ஆளில்லையாம். மூன்றுமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்தையே சொன்னார்.

"ஆண்டு இன்னும் முடியேல்லை" என்றாள் கத்தரீனா. "துக்க வீட்டுக்காரர் விளையாட்டுக்குப் போனால் சனம் என்ன சொல்லும்?"

"விளையாடப் போகேல்லை. நடுவுக்கு நிக்கத்தான்."

அவள் கொஞ்சநேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "நானும் வாறன். லீவு கேட்டுப் பாக்கிறன்."

ஒருநாளும் கிடைக்காத சனிக்கிழமை லீவு இந்தமுறை கேட்டவுடன் கிடைத்துவிட்டது. கடவுளுக்குச் சில வேளைகளில் இரக்கம் என்பதே கிடையாது.

மைதானத்தில் நல்ல காற்று. கத்தரீனா கறுப்புக் கோட்டோடு, வேலியோரத்தில் போட்டிருந்த நீள மரவாங்கில் போய் இருந்தாள். துக்கக் காலத்தில் பலகாரம் சுடக்கூடாது என்பதால் அவள் வெறுங்கையோடு வந்திருந்தாள், அந்த வெறுங்கையை எங்கே வைப்பதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வந்த நிலுஷா, மட்டக்களப்புப் பக்கம். அவளுடைய மகள் நிலானி எதிரணியில் விளையாடினாள். வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற வேலை, ஆளைவிடப் பெரிய முகமூடி. ஞானரட்ணத்துக்கு முன்னால்தான் அவள் குந்தியிருந்தாள்.

"உங்கட பிள்ளை எது அக்கா?" என்று நிலுஷா கேட்டது காற்றில் ஞானரட்ணம் வரை வந்தது.

"எங்கட ஆள் இண்டைக்கு வரேல்லை" என்றாள் கத்தரீனா.

அவர் குனிந்து தட்டில் இருந்த மண்ணைத் துடைத்தார். மண் அவ்வளவாக இருக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் பழைய வேலை அவரை இழுத்துக்கொண்டது. மூன்றாவது சுற்றில் வழக்கம்போல இரண்டு பேர் ஒரே பேஸில் கட்டிப்பிடித்தார்கள். நிலானி பந்தோடு ஓடிப்போய், ஏமாறாமல் பின்னால் வந்தவனைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அவுட்" என்றார். கெட்டிக்காரப் பிள்ளை, விதி தெரிந்து விளையாடுகிறாள். இன்னொரு பையன் இரண்டாம் பேஸை மிதிக்காமல் அதற்கு மேலால் பாய்ந்து ஓடி, பாதி வழியில் மனச்சாட்சி குத்தித் திரும்பி வந்து மிதித்துவிட்டுப் போனான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஞானரட்ணமும் சிரித்தார். சிரித்த பிறகுதான் தான் சிரித்தது அவருக்குத் தெரிந்தது. வாங்கின் பக்கம் பார்த்தார். கத்தரீனா அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்று. ஹொல்ஸ்டெப்ரோ ஒரு புள்ளி முன்னால். சில்க்போர்க்கில் இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். இன்னொரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து மூன்றாம் பேஸில் நின்ற சொஃபி என்ற சிறுமி, சும்மா துள்ளிக்கொண்டிருந்தவள், பேஸின் விளிம்பில் கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்குப் பதிலாக நிற்க அணியில் மிச்சம் ஒரு பிள்ளை இல்லை.

இப்படி ஆள்பஞ்சம் வந்தால் என்ன செய்வதென்று இந்தச் சின்னக் கழகங்கள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தன. யாரோ ஒரு குட்டிப்பையனுக்குப் பேஸில் நிற்கும்போது அவசரமாக ஒன்றுக்கு வந்த நாளில் செய்த ஒப்பந்தம் என்று கதை. அந்தப் பேஸில் ஒரு மாய ஓட்டக்காரன் நிற்கிறான் என்று எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் தன்பாட்டில் ஓடமாட்டான். பின்னால் நிற்பவர்கள் ஓடினால்தான் அவனும் ஓடுவான். மட்டை அடித்த பிள்ளை முதலாம் பேஸை மிதிப்பதற்கு முன் எதிரணி பந்தோடு வெள்ளைத் தட்டை மிதித்துவிட்டால் மாயன் அவுட். மிதிக்காவிட்டால் அவன் வந்துவிட்டான், புள்ளி உண்டு. தீர்ப்பு நடுவருடையது.

"மூன்றாம் பேஸில் மாயன்!" என்று ஹென்றிக் கையை உயர்த்தினார். "யார் நிற்கிறது?"

சில்க்போர்க் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள், "றொனிஷன்!"

கத்தி முடித்த பிறகுதான் அவர்களுக்கு நடுவர் யார் என்பது உறைத்தது. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். சொஃபி வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹென்றிக் சிவந்த முகத்தோடு ஓடி வந்தார். "ஞானா, உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கோடை முழுக்க இப்படித்தான் சொல்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவர்களாகவே தொடங்கினார்கள். வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்கிறேன்."

ஞானரட்ணம் மூன்றாம் பேஸைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைத் திண்டு, அதன் பக்கத்தில் கொஞ்சம் புல், அவ்வளவுதான். ஒருவரும் இல்லாத இடத்தை அவ்வளவு நேரம் அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"நிக்கட்டும்" என்றார். தமிழில் சொல்லிவிட்டதை உணர்ந்து டெனிஷில் திருப்பிச் சொன்னார்.

கத்தரீனா வாங்கிலிருந்து எழுந்து வேலிக்கு வந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, என்னத்துக்குப் பிள்ளையின்ர பேரைச் சொல்லுதுகள்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் நிலுஷா பக்கத்தில் வந்து, தான் விளங்கிக்கொண்ட மட்டில் விளக்கினாள். "மூண்டாவதில அவங்கட ஆள் ஒருத்தன் நிக்கிறான் எண்டு நினைச்சுக்கொள்ளோணுமாம் அக்கா. அவன் இந்த வெள்ளைத் தட்டுக்கு வந்திட்டான் எண்டால் இவங்களுக்குப் புள்ளியாம்." பாவம், தான் யாருக்கு இதைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

கத்தரீனா மூன்றாம் பேஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் விளையாடுவதை முதல்தடவையாகப் பார்க்கிற தாயின் முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது அந்த முகம்.

மாக்னுஸ் என்ற தடித்த பையன் மட்டையோடு வந்தான். முதல் பந்தை விட்டான். இரண்டாவதை அடித்தான். பந்து நிலத்தோடு நிலமாக உருண்டு எறிகிறவனின் கைக்கே நேராகப் போனது. அவன் எடுத்தான், திரும்பினான், தட்டுக்கு எறிந்தான். நிலானி எழுந்து, வலது காலைத் தட்டின் நடுவில் வைத்து, இரண்டு கையாலும் பந்தை வாங்கினாள். சத்தம் தெளிவாகக் கேட்டது. மாக்னுஸ் அப்போதுதான் பாதி தூரம் ஓடியிருந்தான்.

இதைவிடச் சுத்தமான அவுட்டை யாரும் கேட்க முடியாது. குருடன்கூடச் சொல்லிவிடுவான்.

ஞானரட்ணத்தின் கை எழும்பவில்லை. கிரிக்கெட் நடுவரைப் போல, யாராவது கேட்கட்டும் என்று நின்றார். ஒருவரும் கேட்கவில்லை. ஹொல்ஸ்டெப்ரோ பயிற்சியாளர்கூட, யாரோ அவர் காதில் விஷயத்தைப் போட்டிருக்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு புல்லைப் பார்த்தார். மைதானம் முழுக்க அவருக்கு இரக்கம் காட்டியது. வேலியில் கத்தரீனா இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்தப் பிள்ளை ஓடி முடிக்கட்டுமே என்று அவருக்குள் ஏதோ விம்மியது. அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். வந்துவிட்டான் என்று அர்த்தம்.

சில்க்போர்க் பிள்ளைகள் குதித்தார்கள். "வந்திட்டானாம் அக்கா!" என்று நிலுஷா தன் பிள்ளையின் அணி முன்னிலையை இழந்ததையும் மறந்து சொன்னாள். கத்தரீனா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

நிலானி முகமூடியைக் கழற்றினாள். தன் காலைப் பார்த்தாள். கால் இன்னும் தட்டின் மேல்தான் இருந்தது. பந்து இன்னும் கையில்தான் இருந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை. அவ்வளவு நேரமும் டெனிஷில் மட்டுமே கதைத்த பிள்ளை, நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னது.

"மாமா, நான் மிதிச்சனான்."

"விடு மகள், பரவாயில்லை" என்று வேலியிலிருந்து நிலுஷா சொன்னாள்.

"இல்லையம்மா. நான் மிதிச்சனான்." பிள்ளை பந்தை நீட்டிக் காட்டியது. தான் செய்ததைச் செய்யவில்லை என்று பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள், அது ஏன் என்று அதற்கு விளங்கவில்லை. தன் கண்ணையே நம்பலாமா என்று அந்தப் பிள்ளை மறுபடியும் குனிந்து காலைப் பார்த்தபோது ஞானரட்ணத்துக்கு உடம்பு கூசியது. செத்த பிள்ளைக்காக உயிரோடிருக்கிற பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனே என்று நினைத்தார். இதை றொனிஷன் பார்த்திருந்தால் கார் வரைக்கும் அல்ல, வீட்டுக்கு வந்தும் முகம் கொடுத்துக் கதைத்திருக்க மாட்டான்.

"ஓம் பிள்ளை" என்றார். "நீ மிதிச்சனீ. நான் பாத்தனான்."

ஹென்றிக் அருகில் வந்து மெல்ல, "ஞானா, யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. விடு" என்றார்.

"நான் பார்த்தேன்" என்றார் ஞானரட்ணம் டெனிஷில். "பார்த்ததைச் சொல்லச் சொன்னது நீதானே?"

அவர் மூன்றாம் பேஸின் பக்கம் திரும்பினார். முறைப்படி யார் அவுட்டோ அவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வலது கையை மடக்கி உயர்த்தினார். "அவுட்" என்றார். மைதானத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டது.

ஆட்டம் முடிந்தது. ஒரு பக்கமும் ஆரவாரம் இல்லை. பிள்ளைகள் வரிசையாகக் கைகொடுத்துவிட்டுப் பைகளை எடுக்கப் போனார்கள். நிலானி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நிலுஷாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் வாயில் சேலைத் தலைப்பை வைப்பது போல சால்வையை வைத்துக்கொண்டு, கத்தரீனாவுக்குப் பக்கத்தில் வரவும் முடியாமல், போகவும் முடியாமல் தூரத்தில் நின்றாள்.

ஞானரட்ணம் நெஞ்சுக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்குப் போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

"என்ன சொன்னீங்கள்?" என்று கத்தரீனா கேட்டாள். "முதல் வந்திட்டான் எண்டு கையைக் காட்டினீங்கள்தானே?"

"பிழையாச் சொல்லிப்போட்டன்."

"அப்ப?"

அதே கேள்வி, அதே முகம். ஆஸ்பத்திரிப் படியேறி மூச்சு வாங்க வந்து நின்ற அதே முகம். அந்த வளவில் ஓடி ஒளிய ஜன்னல் ஒன்றும் இல்லை.

"வரேல்லை, கத்தரீனா." கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தார். "எங்கட பிள்ளை செத்துப்போனான். இனி வரமாட்டான்."

காற்று அவளுடைய கோட்டை ஒருபக்கமாக இழுத்தது. "ஓம்" என்றாள்.

பிறகு சொன்னாள், "எனக்கு அந்த நேர்ஸ்பிள்ளைதான் சொன்னது. நல்ல பிள்ளை, கையைப் பிடிச்சுத்தான் சொன்னது. ஆனால் ஆரோ பிறத்தியார் வந்து ஆரின்ரையோ பிள்ளையைப் பற்றிச் சொன்ன மாதிரிக் கிடந்தது. நீங்கள் சொல்லுவீங்கள், அப்ப அழலாம் எண்டு இருந்தனான். நீங்கள் சொல்லேல்லை. ஒருவேளை உங்களுக்கு வேற மாதிரி ஏதும் சொன்னவையோ எண்டுகூட நினைச்சிருக்கிறன். விசர்தான்."

"என்ர பிழை."

"பிழை சரி எண்டு நான் சொல்லேல்லை" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வேலிக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வருடம் அடக்கி வைத்திருந்தது அப்படியே வந்தது. அவரும் அழுதார். கார்த் தரிப்பிடத்தில் நின்ற டெனிஷ் பெற்றோர் தங்கள் கார்ச் சாவிகளில் ஏதோ பெரிய வேலை இருக்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

எல்லோரும் போன பிறகு பேஸ்களைக் கழற்றிக் கொட்டிலில் வைக்க வேண்டும். பருவத்தின் கடைசி ஆட்டம் அது, வசந்தம் வரைக்கும் இனி அவை வெளியே வராது. "நான் பார்க்கிறேன், நீங்கள் போங்கள்" என்றார் ஹென்றிக். ஞானரட்ணம் தலையை ஆட்டி மறுத்து அவரை அனுப்பிவிட்டார். முதலாவதைக் கழற்றினார், இரண்டாவதைக் கழற்றினார். அடியில் ஒரு இரும்புத் தண்டு, நிலத்தில் ஒரு குழாய், ஆட்டி இழுத்தால் வந்துவிடும். மூன்றாவதில் கையை வைத்தபோது, "பொறுங்கோ" என்று கத்தரீனாவின் குரல் கேட்டது.

அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு புல்லில் நடந்து வந்தாள். "போன வருசம் நிண்டது இதிலயோ?"

"ஓம். இதிலதான். எல்லாரும் போனாப் பிறகும் இறங்கமாட்டன் எண்டு நிண்டவன்."

அவள் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோவிலுக்குள் போகிற மாதிரி. பிறகு அந்த வெள்ளைத் திண்டின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து தெரிந்ததை எல்லாம் பார்த்தாள். தூரத்தில் அந்த வெள்ளைத் தட்டு தெரிந்தது. "கிட்டத்தான்" என்றாள். "இந்தளவு தூரந்தானே."

"ஓம்."

மழை தூறத் தொடங்கியது. ஞானரட்ணம் குந்தியபடியே காத்திருந்தார். அவளை அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் குனிந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கினாள். ஈரக்காலைச் சப்பாத்துக்குள் நுழைத்தாள்.

"சரி" என்றாள். "இனி எடுங்கோ."

அவர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்தார். அது வந்துவிட்டது.